கண்ணெழுதியவள் போன பிறகு

அந்த மாடி வீட்டில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் இருந்தார்கள். தெருவில் யாருக்கும் அவர்களைத் தனித்தனியாகத் தெரியாது. காய்கறி வாங்கப் போனாலும் சேர்ந்தே போவார்கள். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனாலும் சேர்ந்தேதான். உங்களில் யாருக்குக் காய்ச்சல் என்று டாக்டரே கேட்க வேண்டியிருக்கும். கீழ்வீட்டுத் தையல்காரர் அவர்களுக்கு 'ஜோடிச் செருப்பு' என்று பெயர் வைத்திருந்தார். அது காதில் விழுந்தபோது தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவோ, இதில் தேய்ந்த செருப்பு எது என்று அவரையே கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் பாதிப்படி இறங்கிவிட்டாள்.

பொம்மை வார்ப்பதுதான் அவர்களுக்குப் பிழைப்பு. உள்ளங்கையில் அடங்குகிற விலங்குகள். முயல், ஆமை, அணில், பன்றிக்குட்டி, மான், ஆந்தை. மூத்தவள் மெழுகுக் களிமண்ணில் உருவம் செய்வாள். அதைச் சுற்றி அட்டையால் பெட்டி கட்டி, சிலிக்கோன் ரப்பரைக் காய்ச்சிய பாகுபோல ஒரே மூலையில் நூலாக ஊற்றுவாள். அப்படி ஊற்றினால்தான் காற்றுக்குமிழி தங்காது. ரப்பர் இறுகியதும் கத்தியால் பிளந்து உருவத்தை வெளியே எடுத்தால், அச்சு தயார். பிறகு அதில் ரெசின் என்கிற திரவப் பிளாஸ்டிக்கை ஊற்றி எத்தனை முயல் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ரெசின் மட்டும் கொஞ்சம் முன்கோபக்காரச் சரக்கு. அதற்கான இரண்டு திரவத்தையும் கலந்துவிட்டால் சில நிமிடங்கள்தான் பொறுத்திருக்கும். அதற்குள் அச்சில் சேர்க்காவிட்டால் கோப்பையிலேயே சூடேறிக் கல்லாகிவிடும். கலக்கும்போது மூத்தவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

வெளுத்துப்போன விலங்குகளாக அச்சிலிருந்து வருபவற்றை அவள் உப்புத்தாளால் தேய்த்து, ஜன்னலோரத்து மேஜைக்குத் தள்ளிவிடுவாள். அது இளையவளின் மேஜை. உடம்புக்கு நிறம் பூசுவது பெரிய காரியமில்லை. கண் எழுதுவதுதான் காரியம். இளையவள் பிரஷை எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதலில் கறுப்பில் ஒரு பொட்டு, காய்ந்த பிறகு அதன்மேல் ஊசிமுனை அளவு வெள்ளை வைப்பாள். அவ்வளவுதான், முயல் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஆகிவிடும். வாங்கிப் போகிறவர்கள் பொம்மை நம்மையே பார்க்கிறது என்பார்கள். இளையவள் அதிகம் பேசமாட்டாள். அவள் பேசாததையெல்லாம் பொம்மைகள் பேசுகின்றன என்பது மூத்தவளின் கணக்கு.

இந்தத் தொழிலை அவர்கள் தேடிப் போகவில்லை. மூத்தவள் இளம் வயதில் பல்செட் செய்யும் இடமொன்றில் வேலை பார்த்தாள். ஊரார் வாய்களுக்கெல்லாம் அச்செடுத்துச் சலித்தவள். இளையவள் வேலைக்கே போகவில்லை. படுக்கையோடு கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஒருநாள் வேலையிடத்தில் மிஞ்சிய ரப்பரைக் கொண்டுவந்து மூத்தவள் ஓர் ஆமை வார்த்து அம்மாவின் தலைமாட்டில் வைத்தாள். அதற்குக் கண்ணே இல்லையே என்று அம்மா குறைப்பட்டாள். இளையவள் போய் இரண்டு கண் வைத்தாள். வந்து பார்த்தவர்கள் தமக்கும் ஒன்று கேட்டார்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோது மூத்தவளுக்கு வேலையை விட்டுவிடலாம் என்கிற அளவுக்கு ஆமைகள் நடந்திருந்தன.

அப்படியே காலம் ஓடியது. மூத்தவள் ஐம்பதைத் தாண்டினாள், இளையவள் அதை நெருங்கினாள். கல்யாணப் பேச்சு எப்போதோ வந்து எப்போதோ நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி இருவரும் வருத்தமாகப் பேசிக்கொண்டதில்லை. உண்மையில் பேசிக்கொண்டதே இல்லை.

ரப்பரும் ரெசினும் விற்கிற கடைக்காரர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. மூத்தவளைவிடக் கொஞ்சம் வயது கூடுதல். முதலில் கடைப்பையனிடம் சரக்கைக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் தானே டின்களைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வர ஆரம்பித்தார். வந்தால் உடனே போகமாட்டார். புதிதாக வந்திருக்கும் ரப்பர் எவ்வளவு இழுபடும், மழைநாளில் ரெசின் ஏன் பால்நிறமாகிறது என்று மூத்தவளிடம் பேசிக்கொண்டே இருப்பார். மூத்தவளுக்கும் அது தேன்மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுக்க அவள் செய்துவந்த வேலையைப் பற்றி அவளிடம் கேள்வி கேட்ட முதல் மனிதர் அவர். காற்றுக்குமிழியை விரட்ட அவள் கண்டுபிடித்திருந்த வழி ஒன்று உண்டு. அச்சுக்குள் முதலில் பவுடரைத் தூவித் தட்டிவிட்டு, பிறகு ஊற்றுவது. அதை அவரிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்து என்ன பயன் என்று தன்னையே நொந்துகொண்டார். அன்று முழுவதும் மூத்தவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

இளையவள் அப்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் கண் எழுதிக்கொண்டிருப்பாள்.

மூத்தவள் முட்டாள் இல்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்து, இந்த வயதில் உனக்கென்னடி கேடு என்று திட்டிக்கொண்டவள்தான். ஆனாலும் அவர் வருகிற நாளில் ஏப்ரனைத் துவைத்துக் கட்டிக்கொண்டாள். தையல்காரரிடம் போய், பெட்டியில் கிடந்த ஒரு நல்ல உடுப்பை இடுப்பில் கொஞ்சம் தளர்த்தி வாங்கிவந்தாள். எதற்கு என்று இளையவள் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு பிற்பகலில் அவர் டின் எதுவும் இல்லாமல் வந்தார். சட்டை தேய்த்திருந்தது. இளையவள் பெயின்ட் வாங்க வெளியே போயிருந்த நேரம். அவள் தனியாகப் போனதே அபூர்வம். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ரப்பர் பற்றி ஒன்றும் பேசவில்லை. மூத்தவள் ஏப்ரனைக் கழற்றித் தன் நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்," என்றார் அவர்.

அதுவரை அவர் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. 'நீங்க', 'உங்க' என்றே ஓட்டிவந்தவர். வயதில் மூத்த ஆள் தன்னை அக்கா என்று கூப்பிட்டால் அது எந்த வழியாக வந்த உறவு என்று விளங்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மிச்சத்தை அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனாலும் அவர் சொன்னார், தடுமாறித் தடுமாறி. இளையவளிடம் நேரே பேசத் தைரியம் வரவில்லையாம். அவள் கண் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்குமாம். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் ரப்பரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம்.

"அவகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றாள் மூத்தவள். ஏப்ரனை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டாள். முடிச்சுப் போட மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இளையவள் திரும்பி வந்ததும் நேரடியாகக் கேட்டாள். அவள் மறுப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு நிச்சயம் இருந்தது. அக்காவை விட்டுவிட்டு நான் எங்கே போவேன் என்பாள், அத்தோடு இந்தப் பேச்சு முடியும் என்று எண்ணியிருந்தாள். இளையவள் கையிலிருந்த பெயின்ட் டப்பாக்களை ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு, சரி என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மூத்தவளே ஓடியாடிச் செய்தாள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். வேறொரு நகரத்தில் அவர் இன்னொரு கடை திறந்திருந்ததால் தம்பதிகள் அங்கே போய்விட்டார்கள். இளையவளின் துணிமணிகள் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டன. பிரஷ்களை எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். பஸ் நிலையத்தில் இளையவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் திரும்பி மறைந்த பிறகு மூத்தவள் வீட்டுக்கு நடந்தாள். வழியில் எதற்கோ பக்கத்தில் திரும்பிப் பேசிவிட்டாள். எதிரே வந்த ஒருவர் தன்னிடம்தான் என்று நினைத்து, என்ன கேட்டீங்க என்றார்.

வீடு பெரிதாகிவிட்டது. இரண்டே அறைதான், ஆனால் ஒரு அறையில் செய்யும் சத்தம் மற்ற அறையில் யாரோ செய்வதுபோலக் கேட்டது. சமைத்தால் மிஞ்சியது. குறைத்துச் சமைத்தால் பசித்தது. அளவு பிடிபடவே இல்லை. அளவு பிசகாமல் ரெசின் கலக்கத் தெரிந்தவளுக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வெளியே போகும்போது, சாவி உன்னிடம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொள்வாள். தையல்காரர் மட்டும் விவரம் புரியாமல், என்னம்மா ஒற்றைச் செருப்போடு கிளம்பிட்டீங்க என்று ஒருநாள் வேடிக்கை பேசினார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவர், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இளையவள் போனில் பேசினாள். வார்த்த பொம்மைகளைப் பார்சலில் அனுப்பினால் கண் எழுதித் திருப்பி அனுப்புவதாகச் சொன்னாள். மூத்தவளுக்கு எங்கிருந்துதான் அந்தச் சொல் வந்ததோ தெரியவில்லை.

"எதுக்கு உனக்குச் சிரமம்? நானே எழுதிக்கறேன். ரெண்டு புள்ளி வைக்கிறதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

இளையவள், சரி அக்கா என்றாள். அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்தார்கள். இருவருமே மிக நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வாய்விட்டுச் சொன்ன பிறகு செய்துதானே ஆகவேண்டும்? ஜன்னலோர மேஜையில் உட்கார மனம் வராமல், தன்னுடைய இருட்டு மூலையிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு மூத்தவள் கண் எழுதினாள். பிரஷ் அதேதான், பெயின்ட்டும் அதேதான். கறுப்புப் பொட்டு, அதன்மேல் வெள்ளை. ஆனால் முயல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திடுக்கிட்டுப் போய் நின்றது. வெள்ளையைக் கொஞ்சம் நகர்த்தினால் கள்ளப் பார்வை வந்தது. இன்னும் நகர்த்தினால் மாறுகண். இருந்தவற்றில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் பரிசுக்கடைக்கு அனுப்பினாள். பரிசுக்கடைக்காரி வருஷக்கணக்காகத் தெரிந்தவள், நல்ல மனுஷி. எடுத்துப் பார்ப்பவர்கள் எல்லாரும் அப்படியே திரும்ப வைத்துவிடுகிறார்கள் என்று நயமாகத்தான் ஆரம்பித்தாள். கடைசியில் தாங்காமல் சொல்லிவிட்டாள்.

"எல்லாத்துக்கும் இப்பத்தான் யாரோ அடிச்சு உக்கார வச்ச மாதிரி இருக்குக்கா."

இருவருமே சிரித்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதுதான் மூத்தவளுக்கு அழுகை வந்தது. பன்றிக்குட்டிகளுக்காக ஒரு ஐம்பது வயசுக்காரி அழுவதா என்று அதற்கும் வெட்கப்பட்டாள்.

திரும்பி வந்த பொம்மைகளை வீணாக்க மனமில்லாமல் கத்திமுனையால் கண்களைச் சுரண்டினாள். இனிமேல் கண்ணே வேண்டாம், வெறும் வெள்ளைப் பொம்மையாகவே விற்றால் போகிறது என்று தோன்றியிருந்தது. சுரண்டும்போது ஒரு பன்றிக்குட்டியின் முகத்தில் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. கண் இருந்த இடத்தில் வளைவாக ஒரு கோடு விழுந்தது. அவள் அதைத் தூக்கி எறியப் போனவள், விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பன்றிக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. சும்மா தூங்கவில்லை, வயிறு நிறைந்து, நிம்மதியாக, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிற மாதிரி தூங்கியது.

அன்றிலிருந்து அவள் பழைய அச்சுகளைத் தொடவில்லை. புதிதாகக் களிமண் பிசைந்தாள். நின்ற முயலைப் படுக்க வைத்தாள். அணிலை அதன் வாலுக்குள்ளேயே சுருட்டினாள். மானின் தலையை அதன் விலாவில் சாய்த்தாள். ஆந்தையின் கழுத்தைத் தோளுக்குள் இறக்கினாள். தூங்குகிற பிராணிகளை வார்ப்பதில் ஒரு சௌகரியமும் இருந்தது. காதும் காலும் உடம்போடு ஒட்டிக்கொள்வதால் அச்சிலிருந்து உருவும்போது முறியவில்லை. கண்ணுக்கு ஓர் ஊசிக் கோடு போதும். பெயின்ட்டே வேண்டாம், நிழலே போய் அந்தக் கோட்டில் உட்கார்ந்துகொண்டது. அவளே அறியாமல் வேலையில் ருசி திரும்பியது. பரிசுக்கடைக்காரி முதல் பெட்டியைத் திறந்ததும் ஒரு பூனைக்குட்டியை எடுத்துத் தன் கல்லாவின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். விற்க மாட்டேன் என்றாள். மற்றவை விற்றன. வயதானவர்கள் அதிகம் வாங்குவதாகவும், மருத்துவமனைக்குப் போகிற வழியில் சிலர் வந்து கேட்டு வாங்கிப்போவதாகவும் சொன்னாள்.

இளையவளிடம் மூத்தவள் இதைச் சொல்லவில்லை. கண் எழுதும் வேலை எப்படிப் போகிறது என்று போனில் கேட்டபோதெல்லாம், போகிறது என்று மட்டும் சொன்னாள்.

ஒரு காலைப்பொழுது, சொல்லாமல் கொள்ளாமல் இளையவள் வந்து நின்றாள். மூத்தவள் கோப்பையில் ரெசினை அப்போதுதான் கலந்திருந்தாள். வா என்று தலையை மட்டும் அசைத்தாள். இளையவள் பையைக் கீழே வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தாள். தட்டுத் தட்டாகப் பார்த்தாள். கடைசியில் ஒரு மானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுகூட முழிச்சுக்கிட்டு இல்லையேக்கா."

"முழிக்க வைக்க இங்க யாரு இருக்கா?"

அப்படிக் கடுமையாக வரும் என்று மூத்தவள் எதிர்பார்க்கவில்லை. இளையவளின் முகம் சுருங்கியது.

"நான் அனுப்பச் சொன்னேன். நீதான் ரெண்டு புள்ளின்னு சொன்ன," என்றாள். பிறகு மானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உனக்கும் அவரைப் பிடிச்சிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

மூத்தவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அச்சுகள் ரப்பர்பேண்டு போட்டு, வாயைத் திறந்துகொண்டு எதிரில் வரிசையாகக் காத்திருந்தன.

"எப்படித் தெரியும்?"

"அவர் வர்ற அன்னிக்கு ரேடியோவைக் குறைச்சு வைப்ப. படிச் சத்தம் கேக்கணும்னு."

"தெரிஞ்சுமா சரின்னு சொன்ன?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். கேட்டிருந்தா நீ விட்டுக்கொடுத்திருப்ப, அதுக்கப்புறம் நான் எப்படிப் போறது? அதான் கேக்கலை. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு இருந்துச்சுக்கா. ஒரே ஒரு தடவை."

கோப்பை கையில் சூடேறிக்கொண்டிருந்தது. மூத்தவள் அதை உணர்ந்தாள். ஊற்ற வேண்டும் என்றும் தெரிந்தது. ஊற்றவில்லை. கை பொறுக்க முடியாமல் போன பிறகுதான் அதை மேஜையில் வைத்தாள். அதற்குள் ரெசின் இறுகி, கலக்கிய குச்சி அதிலேயே நட்டுக்கொண்டு நின்றது. அவள் கையால் இப்படி ஒரு கோப்பை வீணானது அதுவே முதல் தடவை.

"உன்னை நல்லா வச்சிருக்காரா?" என்று கேட்டாள்.

இளையவள் ஜன்னலோரத்துத் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல மனிதர்தான், ஒரு குறையும் இல்லை என்றாள். பகலெல்லாம் கடையில் இருந்துவிடுகிறார். புது ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது, போய்ப் பேசிப் பழகவும் வராது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்ச்சுவர். பிரஷ் வாங்கினார், ஆனால் எழுதுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. "சாயங்காலம் வந்து சாப்பிட்டுட்டுப் பேசுவார். எதைப் பத்தின்னு நினைக்கிற? ரப்பர் பத்தி. எந்த ரப்பர் எவ்வளவு இழுக்கும்னு. எனக்கு அதுல என்னக்கா தெரியும்? ஆமாங்க, ஆமாங்கன்னு கேட்டுக்கிட்டு இருப்பேன்."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இளையவளும் சிரித்தாள். பேச்சுக்காகப் பேசினேன் என்று அவர் சொன்னது பொய், அந்த மனிதருக்கு உண்மையிலேயே ரப்பரைத் தவிர வேறு பேச்சு இல்லை என்பது இப்போதுதான் இருவருக்கும் தெளிவாயிற்று. சிரித்துக்கொண்டே இருந்த மூத்தவள், தன் கண்ணில் நீர் வழிவதை ஏப்ரன் நுனியால் துடைத்தாள். எதற்கு வந்த நீர் என்று இளையவள் கேட்கவில்லை. இந்த முறை கேட்காதது மூத்தவளுக்கு நல்லதாகத் தோன்றவில்லை.

இளையவள் தங்கியிருந்த நாட்களில் ஒரு பொம்மைக்கும் கண் எழுதவில்லை. ஒருநாள் பிரஷைக் கழுவி நனைத்து, தூங்குகிற அணில் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு பிரஷைத் துடைத்து வைத்துவிட்டாள். இதுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாதுக்கா, இது முடிஞ்சுபோச்சு என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். மூத்தவளுக்கு அதைக் கேட்டதும் அத்தனை அச்சுகளையும் கிழித்துப் போட்டுவிடலாமா என்றிருந்தது. கிழிக்கவில்லை. பரிசுக்கடைக்கு மறுநாள் பெட்டி போகவேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்து பழைய செய்தித்தாளில் பொம்மைகளைச் சுற்றி அடுக்கினார்கள்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது, இங்கேயே இருந்துவிடேன் என்று மூத்தவள் சொல்லவில்லை. வந்துவிடவா என்று இளையவளும் கேட்கவில்லை. அவளுக்கு அங்கே ஒரு வீடு இருந்தது, மாலையில் வந்து ரப்பரைப் பற்றிப் பேச ஒரு மனிதர் இருந்தார். மூத்தவளுக்கு இங்கே வேலை இருந்தது. அவரவர் தனிமை அவரவருக்கு என்று ஆகிவிட்டிருந்தது.

ஒன்று மட்டும் மாறியது. போனில் நலம் விசாரிப்பது நின்றுபோயிற்று. இளையவள் எடுத்தவுடனே, இன்னிக்குச் சரியில்லைக்கா என்பாள். எனக்கும்தான் என்பாள் மூத்தவள். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. இருந்தாலும் போனை வைக்கமாட்டார்கள். மேஜையில் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு மூத்தவள் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவாள். அந்தப் பக்கத்தில் இளையவள் துணி மடிக்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். வெளிச்சம் மங்கி, அங்கே அவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் அப்படியே இருப்பார்கள். அவர் வந்ததும் இளையவள், வச்சிடறேன்கா என்பாள். மூத்தவள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, ஒரு ஆளுக்கு அரிசி அளந்து போடுவாள்.